நவ்ருவுக்கு ஒரு கோடு

அச்சுக் கோத்தவர் நல்லெண்ணத்தோடுதான் அதைச் செய்தார். 'நவ்ரு' என்ற நாட்டுக்கு எதிரே, 'தலைநகரம்' என்ற இடத்தில், கையெழுத்துப் பிரதியில் வெறும் கோடுதான் இருந்தது. இருபது வருஷமாக ஈய எழுத்தோடு பழகியவர் அவர். ஆசிரியர்கள் மறந்துவிட்ட இடங்களைத் தாமே நிரப்பிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியவர். பக்கத்தில் கிடந்த பள்ளி அட்லஸைப் புரட்டி 'யாரென்' என்று கோத்துவிட்டார். புரூஃப் பார்க்க உட்கார்ந்த துணையாசிரியை அதை அடித்துக் கோடு போட்டார். இரண்டாம் புரூஃபில் மறுபடியும் யாரென். மூன்றாம் முறை அவரே கம்போசிங் அறைக்குப் போனார்.

"விட்டுப்போச்சுன்னு நெனச்சேம்மா. தலைநகரம் இல்லாம ஒரு நாடு இருக்குமா?"

"இருக்குண்ணே. உலகத்துலயே அது ஒண்ணுதான்."

பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டருக்குக் கிடக்கும் தீவு அது. நாடாளுமன்றமும் விமான ஓடுதளமும் யாரென் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் எந்த ஊரையும் தலைநகரம் என்று நவ்ருவின் சட்டம் சொல்லவில்லை. 'அது ஒண்ணுதான்' என்று அவர் அடித்துச் சொன்னதும் முழு உண்மை இல்லை. சுவிட்சர்லாந்தின் சட்டமும் பெர்னைத் தலைநகரம் என்று அழைப்பதில்லை, 'கூட்டாட்சி நகரம்' என்றுதான் சொல்கிறது என்பது சில வருஷங்கள் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. அதற்குள் பெர்ன் எத்தனையோ பதிப்புகளில் தலைநகரமாக அச்சாகிவிட்டது.

1987இல் சென்னையில் ஒரு பதிப்பகத்தின் இயர் புக் வேலையில் அவர் சேர்ந்தபோது, 'உலக நாடுகள்' பகுதி அவர் தலையில் விழுந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: வேறு யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் போட்டி இருந்தது. நாடுகளை எடுத்துக்கொண்டவருக்குக் கிடைத்தது போன வருஷப் புத்தகம் ஒன்று, கத்தரிக்கோல், கோந்துப் புட்டி, சிவப்பு மை பேனா. பழைய பக்கத்தை வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டி, மாறியதை மட்டும் ஓரத்தில் சிவப்பில் எழுத வேண்டும். அப்போது ஐ.நா.வில் 159 நாடுகள். இன்று 193. இடையில் புதிதாகப் பிறந்த நாடுகளெல்லாம் அவருடைய பேனா வழியாகத்தான் புத்தகத்துக்குள் வந்தன. கடைசியாக வந்தது 2011 ஜூலையில் தெற்கு சூடான்.

இணையம் இல்லாத காலத்தில் தகவல் திரட்டுவதற்கென்று ஒரு சுற்று இருந்தது. லண்டனில் 1864 முதல் வெளிவரும் 'ஸ்டேட்ஸ்மன்ஸ் இயர் புக்'கை நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அமெரிக்காவின் சி.ஐ.ஏ. 1962இல் தன் ஆட்களுக்காக ரகசியமாகத் தொடங்கி, 1975 முதல் வெளியாருக்கும் விற்ற 'வேர்ல்ட் ஃபேக்ட்புக்' யாரிடமாவது இரவல் கிடைக்கும். டெல்லி சாணக்கியபுரியிலுள்ள தூதரகங்களுக்கு ஆகஸ்ட் மாதமே கடிதம் போய்விடும். தூதரகங்கள் கேட்டதைத் தவிர எல்லாம் அனுப்பும். மக்கள்தொகையைக் கேட்டால் வழவழப்பான தாளில் அருவிப் படங்கள் வரும், மன்னரின் படம் வரும், நாட்டுப்பண்ணின் இசைக்குறிப்புகூட வந்திருக்கிறது. இரண்டு இடங்களில் ஒத்துப்போகாத எண் புத்தகத்தில் ஏறாது என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட விதி.

அந்த விதியை மீறிய வருஷம் 1991.

1992ஆம் ஆண்டுப் புத்தகம் டிசம்பர் மூன்றாம் வாரமே மெஷினில் ஏறிவிட்டது. எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் செப்டம்பரிலேயே பிரிந்து ஐ.நா.வில் சேர்ந்திருந்ததால் அவற்றுக்குத் தனிப் பக்கம் கொடுத்தாயிற்று. மிச்சமிருந்த சோவியத் யூனியன் பதினாறு பக்க ஃபாரம் ஒன்றில் கம்பீரமாக அச்சாகி, மடிப்புக்குக் காத்திருந்தது. டிசம்பர் 25 இரவு கோர்பச்சேவ் பதவி விலகினார். மறுநாள் அந்த நாடே இல்லை. ஃபாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அச்சடிக்கத் தாளும் இல்லை, முதலாளிக்கு மனமும் இல்லை. அரைப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு அடித்து, சோவியத் யூனியன் பக்கத்தின் ஓரத்தில் மைதாப் பசை தடவி ஒட்டுவது என்று முடிவாயிற்று. பைண்டிங் பிரிவில் ஏழெட்டுப் பெண்கள் இரண்டு நாள் அதை மட்டுமே செய்தார்கள். அவரும் கூட உட்கார்ந்து ஒட்டினார். பசை காயாமல் அடுக்கியதில் பல பிரதிகளில் ரஷ்யாவும் எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொண்டன.

அந்தச் சீட்டில் பன்னிரண்டு நாடுகள், பன்னிரண்டு தலைநகரங்கள். ஒரே இரவில் எழுதியது. கிர்கிஸ்தானுக்கு எதிரே 'ஃப்ரூன்ஸே' என்று போட்டார். பழைய அட்லஸில் அப்படித்தான் இருந்தது. அந்த நகரம் அதே வருஷம் பிப்ரவரியிலேயே பிஷ்கேக் ஆகிவிட்டிருந்தது. பிழையைத் திருத்த ஒட்டிய சீட்டிலேயே பிழை. சீட்டுக்குச் சீட்டு ஒட்ட முடியாது என்று ஃபோர்மன் கையை விரித்துவிட்டார்.

நாடுகள் பெயர் மாற்றிக்கொள்வது செய்தித்தாளுக்கு ஒரு பத்திச் செய்தி. இயர் புக் வேலையில் அது பக்க அமைப்பையே புரட்டிப்போடும். தமிழ் அகரவரிசையில் ஜ, ஸ, ஹ எல்லாம் கடைசியில் வரும். ஸ்வாசிலாந்து பல காலமாக ஸ்வீடனுக்குப் பக்கத்தில், கடைசி ஃபாரத்தில் நிம்மதியாக இருந்தது. 2018 ஏப்ரலில், சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், மன்னர் மூன்றாம் எம்ஸ்வாத்தி தன் நாட்டுக்கு 'எஸ்வாத்தினி' என்று பெயர் சூட்டினார். கடைசி ஃபாரத்தில் இருந்த நாடு எகரத்துக்குத் தாவி, எகிப்துக்குச் சற்றுத் தள்ளி முதல் ஃபாரத்தில் வந்து நின்றது. இடையிலிருந்த பக்கமெல்லாம் அரைப்பக்கம் நகர வேண்டும். பர்மா மியான்மர் ஆனபோது இவ்வளவு சிரமமில்லை. பகரத்துக்கு அடுத்தது மகரம்தானே.

சில மாற்றங்கள் தமிழைத் தொடாமலே போய்விடும். 1972இல் 'சிலோன்' ஸ்ரீலங்கா ஆனபோது ஆங்கில அட்லஸ்காரர்கள் வரிசையையே மாற்றினார்கள். தமிழில் அது அப்போதும் இலங்கை, இப்போதும் இலங்கை. 2022இல் துருக்கி அரசு ஐ.நா.வுக்கு எழுதி, இனி எங்களைத் 'துர்க்கியே' என்றே அழையுங்கள் என்றது. ஆங்கிலத்தில் அந்த நாட்டின் பெயரும் வான்கோழியின் பெயரும் ஒன்றாக இருந்ததும் ஒரு காரணம். துருக்கி என்று எழுதும் தமிழருக்கு அந்தச் சங்கடம் என்றுமே இருந்ததில்லை. அந்த வரியை அவர் தொடாமல் விட்டார். மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றைப் பழைய தமிழ்ப் புத்தகங்கள் 'தந்தக் கடற்கரை' என்று அழகாக எழுதி வந்தன. எங்கள் பெயரை மொழிபெயர்க்காதீர்கள் என்று அந்த நாடே உலகத்தைக் கேட்டுக்கொண்ட பிறகு 'கோட் டிவார்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று போயிற்றே என்ற வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

இலங்கையிலிருந்து வரும் வாசகர் கடிதங்கள் தனி ரகம். 'நார்வே' தவறு, 'நோர்வே'தான் சரி. 'ஜெர்மனி' அல்ல 'ஜேர்மனி'. 'ஆஸ்திரேலியா' என்ன, 'அவுஸ்திரேலியா' என்று எழுதுங்கள். ஒரே மொழிக்குள் இரண்டு உலக வரைபடங்கள் இருப்பது அந்தக் கடிதங்களைப் படிக்கும்வரை அவருக்கு உறைக்கவில்லை.

தலைநகர வரியில் நவ்ருவைவிடப் பெரிய தலைவலிகள் இருந்தன. தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று: நிர்வாகம் பிரிட்டோரியாவில், நாடாளுமன்றம் கேப் டவுனில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் புளோம்ஃபொன்டெயினில். நெதர்லாந்தின் அரசமைப்புச் சட்டம் ஆம்ஸ்டர்டாமைத் தலைநகரம் என்கிறது. அரசாங்கமோ ஹேகில் உட்கார்ந்திருக்கிறது. பொலிவியாவில் சட்டப்படி சுக்ரே, ஆட்சி லா பாஸில். இலங்கைக்குக் கொழும்பு என்று போட்டால் கடிதம் வரும். ஸ்ரீ ஜெயவர்த்தனபுர கோட்டே என்று போட்டால் பத்தி அகலத்துக்குள் அடங்காது. எல்லாரையும் மிஞ்சியது கஜகஸ்தான். 1997இல் அல்மாட்டியிலிருந்து அக்மோலாவுக்குத் தலைநகரை மாற்றினார்கள். அடுத்த வருஷம் அக்மோலாவின் பெயரை 'அஸ்தானா' என்று மாற்றினார்கள். கஜக் மொழியில் அதற்குத் 'தலைநகரம்' என்றே பொருள். 2019இல் பதவி விலகிய அதிபரின் பெயரால் 'நூர்சுல்தான்' ஆயிற்று. 2022இல் மறுபடி அஸ்தானா. கால் நூற்றாண்டில் நாலு முறை சிவப்பு மை.

மொழிகளுக்கு ஒதுக்கிய அரை வரியில் பொலிவியா எப்படி நுழையும்? 2009ஆம் ஆண்டு அரசமைப்பு ஸ்பானிய மொழியோடு 36 பூர்வகுடி மொழிகளையும் ஆட்சிமொழியாக்கிவிட்டது. 'ஸ்பானியம், 36 பூர்வகுடி மொழிகள்' என்று சுருக்கியதில் அவருக்குக் கொஞ்சம் குற்ற உணர்வு உண்டு. காரணம் மொரீஷியஸ். அந்த நாட்டின் ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி என்ற வரிசை வழக்கத்தில் இருந்தது. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்தி முன்னால் போய்த் தமிழ் பின்னால் வந்தது. அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே அச்சடித்தார்கள். அச்சில் எது முதலில், எது அடுத்து என்பதற்காக ஒரு நாட்டின் பணமே திரும்பப் போனது. அதைப் படித்த பிறகு அவர் சிங்கப்பூரின் நாலு ஆட்சிமொழிகளை வரிசைப்படுத்தும்போதும் ஒருமுறை நிதானித்துக்கொள்வார்.

அவர் அதிக நாள் செலவழித்த வரி எது என்று கேட்டால், லெபனானின் 'மதம்' என்பார்.

தூதரகக் கையேட்டில் சதவிகிதம் இல்லை. ஒரு புத்தகத்தில் ஓர் எண், இன்னொன்றில் வேறொன்று, இரண்டிலும் 'மதிப்பீடு' என்ற சொல். கணக்கெடுப்பு எப்போது நடந்தது என்று தேடிக்கொண்டே போனார். 1932 வரை போய் நின்றது. பிரெஞ்சு ஆதிக்கத்தில் எடுத்த அந்தக் கணக்குக்குப் பிறகு முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அங்கு நடக்கவில்லை. ஆட்கள் இல்லாமலோ பணம் இல்லாமலோ அல்ல. எண்ண வேண்டாம் என்பதுதான் அங்கு ஆட்சியின் அஸ்திவாரம். 1943இல் சுதந்திரம் வந்தபோது தலைவர்கள் எழுதாத ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதிபர் மாரனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம். நாடாளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம் என்ற விகிதத்துக்கு 1932ஆம் ஆண்டுக் கணக்கே ஆதாரம். மறுபடி எண்ணினால் விகிதம் மாறும், விகிதம் மாறினால் நாற்காலி மாறும். 1975இலிருந்து பதினைந்து வருஷம் நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு விகிதத்தைச் சரிபாதி ஆக்கினார்கள். இன்று 128 இடங்கள், ஆளுக்கு 64. கணக்கெடுப்பு மட்டும் வரவில்லை.

மற்ற நாடுகளுக்கு எண் இருந்த இடத்தில் லெபனானுக்கு ஒரு வாக்கியம் போட்டார்: '1932க்குப் பின் கணக்கெடுப்பு இல்லை.' பொறுப்பாசிரியருக்குப் பிடிக்கவில்லை. வாசகன் எண்ணைத்தான் கேட்கிறான், ஏதாவது ஒன்றைப் போடு என்றார். அவர் போடவில்லை. லெபனான் அவரை இன்னொரு விதத்திலும் சோதித்தது. 2014 மே மாதம் முதல் இரண்டரை வருஷத்துக்கு அங்கு அதிபரே இல்லை. 2022 அக்டோபர் கடைசியிலிருந்து 2025 ஜனவரிவரை மறுபடியும் இல்லை. 'அரசுத் தலைவர்: காலியிடம்' என்று அச்சானதைப் பார்த்து, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று டிடிபி பையன் கேட்டான்.

லெபனானைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பிறகு சொந்த நாட்டு வரியே தொண்டையில் சிக்கியது. இந்தியாவின் மக்கள்தொகை: 121 கோடி (2011). 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2023 ஏப்ரலில் இந்தியா சீனாவை முந்திவிட்டதாக ஐ.நா. சொன்னபோது, அது எண்ணிப் பார்த்த கணக்கல்ல, மதிப்பீடு. இந்திய எல்லையை வரைவதிலும் விளையாட முடியாது. சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு நூல் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டு வார இதழ்களின் வரைபடத்தில் 'எல்லைகள் சரியானவை அல்ல' என்று சுங்க இலாகா குத்திய முத்திரைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவருடையது. கோசோவோ போன்ற நாடுகளை எங்கே வைப்பது என்பதற்கும் டெல்லியையே அளவுகோலாக்கினார். பாலஸ்தீனத்தை இந்தியா 1988இலேயே அங்கீகரித்துவிட்டதால் அதற்கு வரிசையில் இடம். கோசோவோவை இந்தியா ஏற்கவில்லை என்பதால் அது பின்னிணைப்பில். நியாயமா என்றால் அவரிடம் பதில் கிடையாது. ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டுமே.

அவருடைய வேலையில் மறக்க முடியாத அடி அந்தோராவிலிருந்து வந்தது. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைக்குள் 468 சதுர கிலோமீட்டர். அங்கு இரண்டு இளவரசர்கள் கூட்டாக அரசுத் தலைவர்கள். ஒருவர் ஸ்பெயினிலுள்ள உர்ஹெல் மறைமாவட்ட ஆயர், மற்றவர் பிரான்ஸின் அதிபர். 1278இல் செய்த உடன்படிக்கையின் மிச்சம். 2007 மே 16இல் பிரான்ஸில் சர்கோஸி பதவியேற்றார். 2008ஆம் ஆண்டுப் புத்தகத்தில் 'பிரான்ஸ்' பக்கத்தைத் திருத்தினார், மூன்று புரூஃப் பார்த்தார், ஆர்டர் கொடுத்தார். ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குண்டு குண்டான எழுத்தில் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: பிரான்ஸ் பக்கத்தில் சர்கோஸி, அந்தோரா பக்கத்தில் சிராக், பிரான்ஸுக்கு இரண்டு அதிபர்களா?

அன்று மாலையே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினார். அட்டையில் 'உறவுமுறை' என்று எழுதினார். ஒரு வரி மாறினால் எந்தெந்த வரிகள் கூடவே மாறும் என்பதற்கான நோட்டு அது. பிரான்ஸ் மாறினால் அந்தோரா. போப் மாறினால் வாத்திகன். மலேசியாவின் மாமன்னர் பதவி ஒன்பது மாநில மன்னர்களிடையே ஐந்து வருஷத்துக்கொருமுறை சுற்றி வரும். நடுவில் யாராவது விலகினால் சுற்றின் கணக்கு மாறும் (2019 ஜனவரியில் ஐந்தாம் முகம்மது விலகினார்). சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் கூட்டாக ஆள்கிறார்கள், ஒவ்வொரு ஜனவரியும் அவர்களில் ஒருவர் அந்த வருஷத்துக்கு அதிபர். 2008இல் இமயமலையிலிருந்து இரண்டு குறிப்புகள் ஒரே பக்கத்தில் ஏறின. மார்ச்சில் பூட்டான் மன்னராட்சியே முன்னின்று மக்களுக்குப் பொதுத்தேர்தல் நடத்தியது. மே 28இல் நேபாளம் மன்னராட்சியையே ஒழித்தது.

நோட்டின் நடுப்பக்கத்தில் பெரிய சதுரம் ஒன்று. அதன் தலைப்பில் 'எலிசபெத்'. பிரிட்டனோடு கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, பாப்புவா நியூ கினி என்று அவர் அரசியாக இருந்த நாடுகளின் பட்டியல். 2021 நவம்பர் 30இல் பார்படோஸ் குடியரசானபோது அதை அடித்தார். 2022 செப்டம்பர் 8 இரவு தொலைக்காட்சியில் அரசி மறைந்த செய்தி ஓடிக்கொண்டிருக்க, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். பதினைந்து நாடுகள். பதினான்கை முடித்துவிட்டுப் படுத்தவர், நடுநிசியில் எழுந்து விளக்கைப் போட்டுத் துவாலுவைத் திருத்தினார். கும்பகோணத்து அஞ்சலட்டை அப்போதும் அந்த நோட்டுக்குள்தான் இருந்தது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தாம் இந்தப் பக்கங்களை வரிவரியாகப் படிப்பவர்கள். ஒருநாள் ஒரு பெண் புத்தகத்தோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையில் மஞ்சள் மார்க்கர் தீட்டிய பக்கம்.

"மேடம், நவ்ருக்குக் கோடு போட்டிருக்கீங்க. பரீட்சைல நாலு ஆப்ஷன் குடுப்பாங்க. அதுல கோடு இருக்காது மேடம். நான் எதை டிக் பண்ணட்டும்?"

அவர் யாரென் என்று சொல்லவும் இல்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்த பதிப்பில் வரி மாறியது: 'அதிகாரபூர்வத் தலைநகரம் இல்லை, நாடாளுமன்றம் யாரென் மாவட்டத்தில்.' ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி. அந்த இடத்துக்காக நவ்ருவின் குட்டி வரைபடம் வெளியேறியது. முதல் அச்சுக் கோப்பாளர் எப்போதோ ஊருக்குப் போய்விட்டார், இல்லையென்றால் போன் போட்டுச் சொல்லியிருப்பார்.

அவருடைய கடைசிப் பதிப்பின்போது, டிசம்பர் நடுவில், பிரஸ்ஸிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வந்தது.

"மேடம், சான் மரினோல தலைவர்னு ரெண்டு பேரு வந்திருக்கு. ஒண்ணு பழசா? எடுத்துடவா?"

"எடுக்காதீங்க. அங்க ரெண்டு பேருதான். ஆறு மாசத்துக்கு ஒருதடவ ரெண்டு பேரும் மாறுவாங்க. ஏப்ரல் ஒண்ணு, அக்டோபர் ஒண்ணு."

"அப்ப இந்தப் பேரு?"

"மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் தாங்கும். ஓட்டுங்க."